செய்வினையும் ‘நம்பினால்தான் பலிக்கும்’ என்ற சாக்கும்

யாழ்ப்பாணத்துச் சண்டிலிப்பாயில் செய்வினைப் பேச்சு எழுந்தால், கூட இருக்கும் படித்தவர் ஒருவர் கட்டாயம் சொல்லும் வசனம் ஒன்று உண்டு: “உது நம்பினாத்தான் பலிக்கும். நம்பாட்டி ஒண்டும் செய்யாது.” அதோடு பேச்சு அடங்கிவிடும். பகுத்தறிவு பேசுகிறவருக்கு அது பகுத்தறிவாகப் படுகிறது. கோயில், விரதம் என்று வாழ்கிறவருக்கும் அதில் உறுத்தல் இல்லை. மானிப்பாய் – காரைநகர் வீதித் தேநீர்க்கடையில் கேட்கும் அதே வசனத்தை ரொறன்ரோவிலிருந்து வரும் தொலைபேசி அழைப்பிலும் கேட்கலாம். இத்தனை பேர் இவ்வளவு சுலபமாக ஒத்துப்போகும் கருத்து இந்த மண்ணில் வேறு இருக்குமோ தெரியாது.

அந்தக் கருத்து பிழை. பிழை மட்டுமல்ல, தீங்கானதும்கூட. மந்திரத்துக்குச் சக்தி உண்டு என்று நான் வாதாட வரவில்லை. செப்புத் தகட்டில் கீறிய கோடும் தேசிக்காயில் குத்திய ஊசியும் ஒருவரையும் கொன்றதில்லை. ஆனால் செய்வினை என்று எங்கள் வீடுகளில் பேர் சொல்லப்படும் துன்பங்கள் உண்மையானவை. திடீரென்று கைகால் விழுந்த இளைஞன், பிள்ளைப்பேற்றோடு போன உயிர், பேச்சுக்கால் முடிந்தும் குழம்பிய கல்யாணம், ஊரே ஒதுக்கிவைத்த ஒரு குடும்பம். இவையெல்லாம் பாதிக்கப்பட்டவரின் நம்பிக்கையால் வந்தவை என்று சொல்லுகிறவர் எதை வைத்துச் சொல்லுகிறார் என்று கேட்டுப் பாருங்கள். கையில் ஒன்றும் இருக்காது.

இந்தக் கருத்து எங்களிடம் வேரூன்றியதற்கு ஒரு பெரிய மனிதரும் காரணம். திருவல்லாவில் பிறந்த ஆபிரகாம் கோவூர் 1928இல் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரிக்கு ஆசிரியராக வந்தவர். பிறகு கொழும்பில் பகுத்தறிவுச் சங்கத்தை நடத்தினார். மோசடிக்கு இடமில்லாத நிலையில் அற்புதம் செய்து காட்டுகிறவருக்கு ஒரு லட்சம் ரூபாய் தருவதாக 1963இல் அறிவித்தார். 1978இல் அவர் இறக்கும்வரை அந்தப் பணத்தை ஒருவரும் வாங்கவில்லை. பேய் பிடித்ததாகவும் செய்வினை வைத்ததாகவும் சொல்லப்பட்ட வீடுகளுக்கு நேரே போய், விசாரித்து, சிலரை மனோவசியத்தால் தேற்றி, நடந்ததை எழுதினார். அந்த எழுத்தைப் படித்து வளர்ந்த தலைமுறை ஒன்று யாழ்ப்பாணத்தில் உண்டு. கோவூருக்கு நாங்கள் பட்டிருக்கும் கடன் பெரியது. அவர் நேரே போய் விசாரித்தார் என்பதுதான் அந்தக் கடனின் பெரும்பகுதி. அவர் பேரைச் சொல்லுகிற இன்றைய ஆட்கள் விசாரிப்பதை விட்டுவிட்டு முடிவை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

2008 மார்ச்சில் இந்தியத் தொலைக்காட்சி ஒன்றில் ஒரு தாந்திரீகர், பகுத்தறிவாளர் சனல் இடமருகுவை மந்திரத்தால் கொன்று காட்டுவதாக முழங்கி, மணிக்கணக்காக முயன்றார். சனல் சிரித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். இதைக் காட்டி, “பாருங்கள், நம்பாதவனை ஒன்றும் செய்ய முடியாது” என்கிறார்கள். அந்த நிகழ்ச்சி காட்டியது மந்திரத்துக்குச் சக்தி இல்லை என்பதை. நம்பிக்கைக்குச் சக்தி உண்டு என்பதை அது எங்கே காட்டியது? அந்த நாற்காலியில் மந்திரத்தை முழுதாக நம்புகிற ஒருவரை இருத்தியிருந்தால் செத்திருப்பாரா? அப்படி யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. மந்திரத்தைத் தூக்கி எறிந்த கையோடு, அது இருந்த இடத்தில் நம்பிக்கையைக் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள். தொடாமல் கொல்லும் வல்லமை மந்திரத்திடமிருந்து மனதுக்கு இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

இதே வசனத்தை மாந்திரீகரும் சொல்லுகிறார் என்பதைக் கவனியுங்கள். வெள்ளிக்கிழமை இரவு கழிப்புக் கழிக்கிறார். நீத்துப்பூசணி வெட்டி, குங்குமம் கரைத்து, மாவில் செய்த பாவையைச் சந்தியில் கொண்டுபோய் வைத்து, கையில் நூலும் கட்டிவிட்டுப் போகிறார். சுகம் வரவில்லை. திரும்பப் போய்க் கேட்டால், “உங்களுக்கு மனசிலை நம்பிக்கை இல்லை. பிறகு என்னட்டை ஏன் வந்தனீங்கள்?” என்பார். காசு வாங்கியவர் தப்பிவிட்டார், கொடுத்தவர் குற்றவாளி. மறுபக்கத்தில் படித்தவர், “நம்பினபடியாத்தான் உனக்கு இப்பிடி” என்கிறார். நோயாளி நம்பினாலும் பிழை, நம்பாவிட்டாலும் பிழை. இருவருமே நோயாளியின் உடம்பைப் பார்க்கவில்லை.

உடம்பைப் பார்த்தால் என்ன தெரியும் என்பதற்கு எட்டடி விரியனை எடுங்கள். சீரணி நாகபூஷணி அம்மனுக்கு நேர்த்தி வைக்கும் ஊரில் பாம்பைப் பற்றி விளக்கம் வேண்டாம் என்று நினைப்போம். இந்தப் பாம்பு வேறு மாதிரி. நாகம் கடித்தால் கடிவாய் வலிக்கும், வீங்கும். புடையன் கடித்தால் இரத்தம் நிற்காமல் கசியும். எட்டடி விரியன் இரவில் வரும். நிலத்தில் பாய் விரித்துப் படுத்திருப்பவரை நித்திரையிலே கடிக்கும். பல்லு மிகச் சின்னது. வலி இல்லை, வீக்கம் இல்லை, பல வேளை தடமே இல்லை. கடிபட்டவர் எழும்பாமலே தூங்கிவிடுவதும் உண்டு. அதிகாலையில் வயிற்றை முறுக்கிக்கொண்டு வரும். கண்ணிமை சொருகும்; திறக்கச் சொன்னால் திறக்க ஏலாது. எச்சில் விழுங்க முடியாது, நாக்குக் குழறும், கழுத்து நிற்காது. அறிவு தெளிவாக இருக்கும். சுற்றி நிற்பவர்கள் அழுவது கேட்கும், விரல் அசைக்க முடியாது.

இரவு சோறு தின்று, சிரித்துப் பேசி, நாளைக்குத் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்க ஆள் சொல்லிவிட்டுப் படுத்தவர் விடிய இப்படிக் கிடந்தால் அந்த வீடு என்ன சொல்லும்? “ஆரோ செய்துபோட்டாங்கள்.” வேறு என்ன சொல்லமுடியும்? விஷம் நரம்பின் முனையில் புகுந்து, தசைக்குப் போகும் கட்டளையை அறுத்துவிட்டது. மூச்சுவிடும் தசையும் நின்றுபோக முன் ஆஸ்பத்திரியில் செயற்கைச் சுவாசம் கிடைத்தால் சில நாளில் அவர் எழுந்து நடப்பார். நித்திரையில் கிடந்தவருக்கு என்ன நம்பிக்கை?

“அது பாம்புக்கடி, அதை ஏன் செய்வினைக் கணக்கில் சேர்க்கிறாய்?” என்பார்கள். கடி என்று தெரிந்த பிறகு நீங்கள் சேர்க்கமாட்டீர்கள். தெரியும்வரை சேர்த்துத்தான் வைத்திருந்தீர்கள். இந்த வாதத்தின் ஓட்டை இங்கேதான் இருக்கிறது. செய்வினை என்பது காரணம் தெரியாத துன்பங்களைப் போட்டுவைக்கும் ஒரு குவியல். ஒவ்வொன்றாகக் காரணம் தெரியத் தெரிய, அது குவியலை விட்டு எடுக்கப்படுகிறது. எடுத்தபின் மிஞ்சியதைப் பார்த்து, “இது நம்பிக்கையால் வந்தது” என்கிறீர்கள். நேற்று எடுத்ததையும் முந்தாநாள் அப்படித்தான் சொல்லியிருப்பீர்கள்.

இதைச் சோதிக்க வழி உண்டு. நம்பிக்கைதான் காரணம் என்றால், நம்பிக்கை மாறாத இடத்தில் விளைவும் மாறாமல் இருக்கவேண்டும். யாழ்ப்பாணத்தில் வரலாறே இந்தச் சோதனையைச் செய்து வைத்திருக்கிறது.

கொத்தி என்ற பேயை எங்கள் பாட்டிமார் எல்லோரும் அறிவார்கள். பிள்ளைப்பேற்றின் இரத்தத்துக்கு அலையும் பேய். தாய்க்குச் சன்னி கண்டாலும், இசிவு வந்தாலும், காய்ச்சலில் பிதற்றினாலும் கொத்தி என்றார்கள். சில வேளை அயலவர் ஏவிவிட்ட கொத்தி என்றார்கள். மருத்துவிச்சி கொத்தியை விரட்டிச் சடங்கு செய்வாள். 1930களில் இலங்கையில் ஒரு லட்சம் பிறப்புக்கு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தாய்மார் இறந்தார்கள். இன்று அந்தத் தொகை நாற்பதுக்குக் கீழே. இடையில் கொத்தி மீதான பயம் ஐம்பதில் ஒரு பங்காகக் குறைந்ததா? குறையவில்லை. பேறு முடிந்த வீட்டில் இப்போதும் இரும்பு வைக்கிறார்கள், வேப்பிலை செருகுகிறார்கள், இரவில் தனியே விடமாட்டார்கள். குறைந்தது சீழ்க் காய்ச்சல், இரத்தப்போக்கு, இசிவு, மலேரியா. குறைத்தது பயிற்சி பெற்ற மருத்துவமாது, கிருமிகொல்லி மருந்து, இரத்தம் ஏற்றும் வசதி, இலவச ஆஸ்பத்திரி. நம்பிக்கை இருந்த இடத்திலேயே இருக்கிறது, சாவு போய்விட்டது.

வைசூரியும் அப்படித்தான். அம்மாள் வருத்தம் என்று வேப்பிலை கட்டினோம். அம்மாள் மேல் வைத்த பக்தி இன்றும் ஓர் அணுவும் குறையவில்லை. கொப்புளிப்பானுக்கு இன்றும் வேப்பிலைதான். ஆனால் வைசூரி 1980இல் உலகத்தை விட்டே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டுவிட்டது. பக்கத்து ஊரான மானிப்பாயில் 1848 தொடக்கம் வைத்தியம் செய்து, தமிழிலேயே வைத்தியம் கற்பித்து, தமிழிலேயே உடற்கூற்று நூலும் இரண வைத்திய நூலும் கொண்டுவந்த சாமுவேல் கிறீன் வந்த காலத்திலிருந்து இந்தப் பாடம் எங்கள் வாசலில் இருக்கிறது. கிறீனும் மிஷனரிதான், எங்கள் நம்பிக்கைகளை மாற்றவேண்டும் என்று விரும்பிய சபையால் அனுப்பப்பட்டவர்தான். ஆனால் காலை வெட்டி உயிரைக் காப்பாற்ற வேண்டிய நேரத்தில் நோயாளியின் நம்பிக்கையால் அவருக்கு ஆகவேண்டியது ஒன்றும் இருக்கவில்லை.

நம்பிக்கைக் கட்சிக்காரரிடம் ஒரு பெரிய ஆயுதம் உண்டு. அதை ஒதுக்கிவிட்டுப் போனால் நான் நேர்மையாக வாதாடியவனாக மாட்டேன். ஹார்வார்ட் பல்கலைக்கழகத்து உடலியலாளர் வால்ற்றர் கனன் 1942இல் எழுதிய கட்டுரை அது. அவுஸ்திரேலியா, ஆபிரிக்கா, பசிபிக் தீவுகளில் சூனியத்துக்கு ஆளானதாக நம்பிய மனிதர்கள் சில நாட்களில் செத்துப்போனதாகப் பயணிகளும் மிஷனரிகளும் வைத்தியர்களும் எழுதிவைத்த குறிப்புகளைத் திரட்டி, அளவுகடந்த பயம் நரம்பு மண்டலத்தைக் குலைத்து உயிரை எடுக்கலாம் என்று விளக்கினார். செய்வினையும் உளவியலும் பற்றி எங்கே யார் பேசினாலும் கடைசியில் இந்தக் கட்டுரையில்தான் போய் நிற்பார்கள்.

கனன் அப்படி இறந்த ஒருவரையும் நேரே பார்த்ததில்லை. அதை அவர் மறைக்கவுமில்லை. இப்படி ஓர் ஆளைப் பார்க்கக் கிடைத்தால் நாடி, இரத்த அழுத்தம் எல்லாம் எப்படி அளக்கவேண்டும் என்று மற்ற வைத்தியர்களுக்குச் சொல்லித்தான் கட்டுரையை முடித்தார். அவர் பெரிதும் நம்பிய விவரணங்களில் ஒன்று வட அவுஸ்திரேலியாவின் ஆர்ணம் லாண்ட் பகுதியிலிருந்து வந்தது. சூனியத்துக்கு ஆளானவரைச் சுற்றத்தார் முதலில் கைவிடுகிறார்கள். பிறகு திரும்பி வந்து, உயிரோடு கிடக்கிறவருக்கே இழவுச் சடங்கைத் தொடங்குகிறார்கள். அவர் உண்பதும் குடிப்பதும் நின்றுபோவதைக் கனனும் குறிப்பிட்டார். குறிப்பிட்டும் பயத்தையே பெரிதாக்கினார்.

நாற்பது வருடம் கழித்து, 1982இல், அதே பகுதியில் வேலைசெய்த மனநல வைத்தியர் ஹரி ஈஸ்ட்வெல் தான் கண்டதை எழுதினார். சாகப்போகிறார் என்று தீர்மானிக்கப்பட்டவருக்கு உறவினர் தண்ணீர் கொடுப்பதை நிறுத்திவிடுகிறார்கள். அந்த வெயிலில் தண்ணீரில்லாமல் கிடந்தவர் உடம்பு வரண்டு போகிறார். பயத்தால் இதயம் நின்றதாகச் சொல்லப்பட்ட சாவுக்குப் பின்னால் எடுத்துப் போகப்பட்ட தண்ணீர்ப் பாத்திரம் இருந்தது. அதற்கும் முன்பே, 1961இல் தியோடர் பார்பர் என்ற உளவியலாளர் இந்தக் கதைகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, நஞ்சோ நோயோ பட்டினியோ இல்லை என்று யாரும் நிரூபித்துவிட்டுக் கதை சொல்லவில்லை என்று காட்டியிருந்தார்.

அந்தத் தண்ணீர்ப் பாத்திரத்தை மறக்காதீர்கள். கிடந்தவர் நம்பினாரா இல்லையா என்பது அங்கே ஒரு பொருட்டே இல்லை. சுற்றி நின்றவர்கள் நம்பினார்கள். நம்பியதோடு நில்லாமல் கையால் ஒன்றைச் செய்தார்கள். நம்பாதவர் ஒருவரை அங்கே கிடத்தியிருந்தாலும் தாகம் அவரையும் கொன்றிருக்கும்.

செய்வினையின் பெருந்துன்பம் இந்த வழியாகத்தான் வருகிறது. அது நம்பாதவரையும் தாக்கும். இந்தியாவில் சூனியக்காரி என்று பழி சுமத்தப்பட்டுக் கொல்லப்படும் பெண்களைப் பாருங்கள். பீகார் 1999இலும் ஜார்க்கண்ட் 2001இலும் இதற்கென்றே சட்டம் கொண்டுவரவேண்டி இருந்தது. அசாமில் பிருபாலா ராபா என்ற கிராமத்துப் பெண் பல வருடம் போராடிய பிறகு 2015இல் அங்கேயும் சட்டசபை சட்டம் நிறைவேற்றியது. அடித்துக் கொல்லப்படும் பெண்ணுக்குத் தான் சூனியக்காரி இல்லை என்று நன்றாகத் தெரியும். அவள் அதை நம்பவே இல்லை. நம்பாவிட்டால் ஒன்றும் செய்யாது என்று அவளுடைய பிள்ளைகளிடம் போய்ச் சொல்லுங்கள் பார்ப்போம். பெரும்பாலும் விதவையாக இருப்பாள், அவள் பேரில் ஒரு துண்டுக் காணி இருக்கும், அந்தக் காணிக்கு ஆள் காத்திருக்கும்.

எங்கள் பக்கத்தில் அவ்வளவு கொலை இல்லை. ஆனால் வேலி இருக்கிறது. கதியால் ஒரு முழம் நகர்ந்ததில் தொடங்கிய வழக்கு, சீதனக் காணியில் தொடங்கிய மனஸ்தாபம், ‘அவளின்ரை கண்பட்டுத்தான்’ என்பதில் வளர்ந்து, ‘அவள்தான் செய்வித்தவள்’ என்பதில் முடியும். பிறகு நல்லது கெட்டதுக்குச் சொல்லமாட்டார்கள். அவள் கொடுத்தனுப்பிய பலகாரத்தைக் கோழிக்குப் போடுவார்கள். கிணற்றில் தண்ணீர் அள்ள விடமாட்டார்கள். அவளுடைய மகளுக்கு வரும் பேச்சுக்காலை ஒரு வார்த்தையில் குழப்புவார்கள். அந்த மகள் பல்கலைக்கழகத்தில் விஞ்ஞானம் படித்தவளாக இருக்கலாம். செய்வினை என்ற சொல்லைக் கேட்டாலே எரிச்சல்படுகிறவளாக இருக்கலாம். அவளுடைய நம்பிக்கையின்மை அவளுக்கு ஒரு மாப்பிள்ளையையும் கொண்டுவராது. இப்படியான பழி பெரும்பாலும் யார் மேல் விழுகிறது என்பதையும் பார்க்கவேண்டும். ஆண் துணை இல்லாதவள், சாதியில் கீழே தள்ளப்பட்டவர், வெளியூரிலிருந்து வந்து குடியேறியவர். பலம் உள்ளவரைப் பார்த்து யாரும் அப்படிச் சொல்லத் துணிவதில்லை.

செய்விக்கிறவர்களின் பக்கத்தையும் நம்பிக்கைக் கட்சி பார்ப்பதில்லை. மானிடவியலாளர் கணநாத் ஒபயசேகர 1975இல் இலங்கையின் சூனியத் தலங்களைப் பற்றி, முன்னேஸ்வரம் காளி கோயிலும் சீனிகமவும் உட்பட, எழுதிய ஆய்வில் அங்கே வருகிறவர்களின் மனத்தில் திட்டமிட்ட பகை இருப்பதைக் காட்டினார். தேங்காய் உடைக்கிறவர் நிஜமாகவே ஒருவர் சாகவேண்டும் என்று விரும்புகிறார். அந்த விருப்பம் தேங்காயோடு நின்றால் நல்லது. நிற்காதபோது? யாழ்ப்பாணத்தில் ‘மருந்து போட்டிட்டாங்கள்’ என்றால் அது மந்திரமில்லை. சாப்பாட்டில் எதையோ கலந்துவிட்டார்கள் என்பதுதான். ஊமத்தை போனால் வாய் வரளும், தோல் சிவந்து கொதிக்கும், கண்மணி விரியும், இல்லாத ஆட்களோடு பேசும், காற்றில் எதையோ பிடுங்கும். பார்த்தவர் பேய் என்பார். சித்த வைத்திய மரபு அறுபத்துநான்கு பாஷாணங்களைக் கணக்குச் சொல்லுகிறது. அவற்றில் சில, பக்குவம் தெரியாத கையில் அகப்பட்டால் மாதக்கணக்காக ஒருவரை உருக்கும். பழைய பரிகாரியார் மந்திரத்தையும் நம்பியிருப்பார். ஆனாலும் நாடி பிடித்து, நாக்கை நீட்டச் சொல்லி, “ஆரின்ரை வீட்டிலை என்ன சாப்பிட்டனீ, பிள்ளை?” என்று கேட்டார். இன்றைய படித்தவர் அந்தக் கேள்வியையும் கேட்பதில்லை. எல்லாம் மனப்பிரமை என்று அவருக்கு முன்பே தெரியும்.

நம்பிக்கை உடம்பை என்னதான் செய்யும் என்பதை அளந்து பார்த்திருக்கிறார்கள். 2001இல் டென்மார்க்கின் இரு ஆய்வாளர்கள், வெற்று மருந்து கொடுத்த நோயாளிகளையும் ஒரு மருந்தும் கொடுக்காத நோயாளிகளையும் ஒப்பிட்ட 114 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். வலி போன்ற, நோயாளி தானே சொல்லும் விஷயங்களில் சிறிய வித்தியாசம் இருந்தது. அளவுகோலால் அளக்கக்கூடியவற்றில் குறிப்பிடத்தக்க பயன் தெரியவில்லை. 2011இல் ஆஸ்துமாக்காரர்களிடம் நடந்த சோதனை இன்னும் தெளிவானது. உண்மை மருந்தை இழுத்தவர்களும் வெற்று மருந்தை இழுத்தவர்களும் ஏறக்குறைய ஒரே அளவுக்குச் சுகம் என்று சொன்னார்கள். ஊதிப் பார்த்தபோது உண்மை மருந்தில் மூச்சின் அளவு 20 வீதம் கூடியிருந்தது. வெற்று மருந்தில் சுமார் 7 வீதம், அது ஒன்றுமே கொடுக்காதவர்களுக்கும் வந்த அதே அளவுதான். மனம் சுகம் என்று சொன்னது, நுரையீரல் ஒத்துக்கொள்ளவில்லை. நம்பிக்கையால் திறக்க முடியாத மூச்சுக்குழாயை நம்பிக்கையால் அடைக்க மட்டும் முடியுமா?

பயம் ஒன்றும் செய்யாது என்று நான் சொல்லவில்லை. பயந்தவருக்கு நித்திரை வராது, பசிக்காது, தலையிடி கூடும், இரத்த அழுத்தம் ஏறும். பேரதிர்ச்சியில் இதயத்தின் ஒரு பகுதி பலூன் போல ஊதிச் செயலிழப்பதை ஜப்பானிய வைத்தியர்கள் 1990இல் விவரித்தார்கள். பெரும்பாலோர் அதிலிருந்து மீளுகிறார்கள். வாசலில் முட்டையும் தகடும் புதைத்திருக்கக் கண்ட வீட்டார் மாதக்கணக்காக வாடுவதை நானும் அறிவேன். நான் மறுப்பது ‘நம்பிக்கை மட்டும்’ என்பதில் உள்ள ‘மட்டும்’ என்பதைத்தான்.

சில வேளை நம்பிக்கை காரணமே இல்லை, பிறகு வந்து ஒட்டிக்கொண்டது. நடுச்சாமத்தில் விழிப்பு வந்து, நெஞ்சில் யாரோ ஏறி இருக்கிறமாதிரி, கத்த வாய் வராமல் கிடந்த அனுபவம் பலருக்கு உண்டு. அமுக்குவான் பேய் என்போம். பேய்க்கதை கேட்டு வளர்ந்ததால் வந்த பிரமை என்று படித்தவர் விளக்குவார். கனடாவின் நியூபவுண்ட்லாந்தில் டேவிட் ஹஃபோர்ட் இதையே ஆராய்ந்து 1982இல் நூலாக வெளியிட்டார். அந்தத் தீவின் கிழவிப்பேய்க் கதையைக் கேட்டே அறியாதவர்களும் அதே அனுபவத்தை, அதே விவரங்களோடு சொன்னார்கள். காலடிச் சத்தம், அறையில் யாரோ நிற்கும் உணர்வு, நெஞ்சில் பாரம். நித்திரையில் உடம்பைக் கட்டிவைக்கும் பொறிமுறை, மூளை விழித்த பின்னும் அவிழாமல் இருப்பதால் வருவது அது. அனுபவம் முந்தியது, கதை பிந்தியது. லாவோசிலிருந்து அமெரிக்கா போன மொங் இனத்து ஆண்கள், நல்ல சுகதேகிகள், 1970களின் கடைசியிலும் 80களிலும் தூக்கத்தில் ஒருவர் பின் ஒருவராக இறந்தபோதும் அவர்களுடைய இரவுப் பேய் நம்பிக்கையே கொன்றது என்று எழுதினார்கள். தென்கிழக்காசிய ஆண்களுக்கு இப்படி நேரும் திடீர் மரணங்கள் பலவற்றின் பின்னால் இதயத் துடிப்பைக் குழப்பும் ஒரு மரபணுக் கோளாறு இருப்பது பின்னாளில் தெரிந்தது. பயமும் அதோடு சேர்ந்திருக்கலாம். ஆனால் பயத்தை மட்டும் பேசிக்கொண்டிருந்தால் அந்த இதயங்களை யார் பரிசோதிப்பார்கள்?

என்னை மிகவும் வருத்துவது இதன் விலையைக் கொடுப்பவர்களைப் பற்றிய நினைப்பு. பத்தொன்பது, இருபது வயதுப் பிள்ளை. சில நாள் காய்ச்சல், தலையிடி. பிறகு நித்திரை இல்லை. யாரோ தன்னைக் கொல்ல வருவதாகச் சொல்லுகிறாள், அசிங்கமாக ஏசுகிறாள், வாய் தானாக மெல்லுகிறது, கை வளைந்து ஆடுகிறது, வலிப்பு வருகிறது. வீட்டில் கழிப்புக் கழிப்பார்கள். படித்த மாமா வந்து, “உதெல்லாம் மனப்பயம், படிப்பை விட்டிட்டுக் கொஞ்ச நாள் இருக்கட்டும்” என்பார். 2007இல் அமெரிக்காவில் யோசெப் டல்மாவும் குழுவினரும் பன்னிரண்டு பெண்களில் இந்த நோயை அடையாளம் கண்டு விவரித்தார்கள். அவர்களில் பெரும்பாலோருக்குச் சூலகத்தில் வளர்ந்த ஒரு கட்டியை எதிர்க்க உடம்பு உண்டாக்கிய எதிர்ப்புப் பொருள், மூளையையே தாக்கியிருந்தது. கட்டி இருந்தால் அதை எடுத்து, எதிர்ப்பைத் தணிக்கும் மருந்தை நேரத்துக்குக் கொடுத்தால் பெரும்பாலானோர் தேறுகிறார்கள். பிந்தினால் உயிர் போகும். இந்தப் பிள்ளையின் கட்டிலருகே கழிப்புக்காரரும் மாமாவும் ஒன்றுதான். ஒருவர் பேயைக் குற்றம் சொன்னார், மற்றவர் அவளுடைய மனதைக் குற்றம் சொன்னார். தெல்லிப்பழை ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது, யாழ்ப்பாணத்தில் போதனா வைத்தியசாலை இருக்கிறது. அங்கே கொண்டுபோக ஒரு ஓட்டோ போதும். போக வேண்டும் என்று தோன்றவேண்டுமே. காரணம் தெரிந்துவிட்டது என்று நினைக்கிறவர்கள் எங்கேயும் போவதில்லை.

காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் மை பார்க்கப் போவதையும் மூடநம்பிக்கை என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. “உயிரோடைதான் இருக்கிறார், வடக்குத் திசையிலை” என்ற ஒரு வார்த்தைக்காகத் தோட்டை விற்றவர்கள் இருக்கிறார்கள். அப்படியொரு தாயை அங்கே அனுப்பியது நம்பிக்கையா? பெயரும் திகதியும் இடமும் சொல்லிக் கேட்டும் பதில் சொல்லாத அரசா? பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள் வாயை மூடிக்கொண்ட இடத்தில் வாக்குச் சொல்லுகிறவன் கடை விரிக்கிறான். அவளுடைய மனதை மட்டும் ஆராய்கிறவர், பதில் சொல்லவேண்டியவர்களை விட்டுவிடுகிறார்.

நண்பர்கள் சிலர் சொல்லும் கடைசி ஆட்சேபம் ஒன்று இருக்கிறது. “நீ சொல்லுறது சரியாக இருக்கலாம். ஆனால் ‘நம்பினாத்தான் பலிக்கும்’ எண்டதையும் எடுத்துப்போட்டால் சனம் திரும்ப மாந்திரீகரிட்டை ஓடும். பயத்தைக் குறைக்க அந்த ஒரு வசனமாவது இருக்கட்டும்.” இது நல்ல எண்ணத்தில் சொல்லப்படுவது. ஆனால் அந்த வசனம் பயத்தைக் குறைப்பதில்லை. ஏற்கனவே பயந்திருப்பவரிடம், உன் பயம்தான் உன்னைக் கொல்லும் என்று சொன்னால் பயம் இரட்டிக்கும். முன்பு செய்வினைக்கு மட்டும் பயந்தவர் இப்போது தன் மனதுக்கும் பயப்படவேண்டும்.

இந்த நாட்டில் பேறுகாலச் சாவைக் குறைத்த மருத்துவமாது அந்த வழியில் போகவில்லை. கொத்தி உண்டா இல்லையா என்று அவள் எந்தப் படலையிலும் நின்று வாதாடவில்லை. இரும்பும் வேப்பிலையும் இருந்தபடி இருக்க, சைக்கிளை வேலியில் சாத்திவிட்டு உள்ளே போனாள். கடைசியாக எப்போது குளித்தாய், கால் வீங்குகிறதா, கண் மங்குகிறதா, தலை இடிக்கிறதா, பிள்ளை துடிக்கிறதா என்று கேட்டாள். காலில் விரலை அழுத்தி, பள்ளம் விழுகிறதா என்று பார்த்தாள். அட்டையில் எழுதினாள். பள்ளம் விழுந்தால், மாமியார் என்ன சொன்னாலும், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாள்.